யாரைப் பார்த்தால் எழுந்து நிற்பீர்கள்?

"2019 பிப்ரவரி 11, திங்கள். காலையில் பனி, பத்து மணிக்கு மேல் வெயில். கொடைக்கானல் ஏரி ஸ்டாண்டு டிரைவர். சொந்தக் கார், முதல் கடன். ஜாமீன்: ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். மேனேஜர் சொன்னது: 'இதைவிட உறுதியான ஜாமீன் இந்த மலையிலயே கெடையாது.'"

இது என் நாட்குறிப்பில் உள்ள பதிவு. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து வரிக்கு மிகாமல் எழுதி வந்தேன். தேதி, கிழமை, வானிலை, பார்த்த ஆள், அவ்வளவுதான். வரலாற்று நூல்கள் அதிகம் வாசித்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அன்றன்றைக்கு எழுதி வைக்காத விஷயம் பிற்பாடு நமக்குச் சாதகமாக உருமாறிவிடும் என்பதை அந்த நூல்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் மேலே உள்ள பதிவில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அன்று எனக்குப் பெருமையான நாள் என்பது படித்தாலே தெரியும்.

வாகனக் கடன் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அந்த ஒரு கடனைப் பற்றி மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அது வராக்கடன் அல்ல. கடைசித் தவணைவரை கட்டி முடிக்கப்பட்டது. எங்கள் மண்டலக் கூட்டத்தில் அதை நல்ல உதாரணமாகத் திரையில் போட்டுக் காட்டினார்கள். கைதட்டலும் கிடைத்தது.

எங்கள் கிளை வத்தலகுண்டில். நான் அய்யம்பாளையத்திலிருந்து தினமும் வந்து போனேன். மலைமேல் வரும் விண்ணப்பங்களைப் பார்ப்பது என் பொறுப்பு. சமவெளியில் கடன் கேட்பவரை எடைபோடுவதற்குச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம் என்று பிடிமானங்கள் உண்டு. மலையில் டாக்ஸி ஓட்டுபவருக்கு இவை எதுவும் சரியாக அமையாது. ஜூன் மாதம் அவருடைய கணக்கைப் பார்த்தால் பணக்காரர். பிப்ரவரியில் பார்த்தால் பரம ஏழை. இரண்டும் பொய். வீடு இருக்கும், பட்டா இருக்காது. அதுவரை எங்கேயும் கடன் வாங்காத ஆளுக்குக் கடன் மதிப்பெண்ணும் கிடையாது. சிஸ்டத்தைப் பொறுத்தவரை அவர் இன்னும் பிறக்கவே இல்லை.

இதற்கெல்லாம் எங்கள் மேனேஜர் ஒரு வழி வைத்திருந்தார். என்னைவிட மூத்தவர், மதுரைக்காரர். விண்ணப்பதாரரை எதிரே உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, பேச்சோடு பேச்சாக ஒரு கேள்வி கேட்பார்: "ஊருல யாரைப் பாத்தா எந்திரிச்சு நிப்பீங்க?"

கேட்டவர்கள் பெரும்பாலும் சிரிப்பார்கள். பிறகு ஒரு பேர் வரும். உபதேசியார், பழைய முதலாளி, கோயில் பெரியவர் இப்படி. அந்தப் பேரை மேனேஜர் குறித்துக்கொள்வார். அவரைத்தான் ஜாமீனாகக் கொண்டுவரச் சொல்வார்.

அமல்ராஜ் என்ற அந்த டிரைவருக்கு அப்போது முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். செண்பகனூரில் வீடு. மனைவி, பள்ளிக்குப் போகும் ஒரு மகள். பல ஆண்டுகளாக இன்னொருவர் காரை ஏரி ஸ்டாண்டில் நிறுத்தி ஓட்டிக்கொண்டிருந்தார். ஜாமீனுக்கு மச்சானை அழைத்து வந்திருந்தார். பேருந்து நிலையம் பக்கம் செல்போன் கடை, வருமான வரித் தாக்கல், எல்லாம் பக்காவாக இருந்தது. மேனேஜர் மச்சானிடம் இரண்டு வார்த்தை பேசி அனுப்பிவிட்டு, அமல்ராஜிடம் தன் கேள்வியைக் கேட்டார்.

"எங்க ரோசலின் மிஸ்ஸுதான் சார்," என்றார் அமல்ராஜ் யோசிக்காமல். "மிஸ் ரோட்டுல நடந்து வந்தா, வண்டிய ஓரங்கட்டி இறங்கி நிப்பேன். பின்னாடி ஹாரன் அடிச்சாலும் அடிக்கட்டும்."

அவர் வெளியே போனதும் நான் மேனேஜரிடம் கேட்டேன். "மச்சான் பேப்பர் சுத்தமா இருக்கே சார். எதுக்கு ரிட்டயர்டு டீச்சரு?"

"ஏப்பா, மச்சான் ஜாமீன் போட்டா என்ன ஆகும்? டியூ நின்னா ரெண்டு பேரும் சட்டையப் பிடிச்சுக்குவாய்ங்க. நீ கட்டு நான் கட்டுன்னு கத்துவாய்ங்க. கத்தி முடிச்சா மனசு ஆறிப்போகும். நம்ம பணம் அப்படியே கெடக்கும். அந்தம்மாகிட்ட இவனால கத்த முடியுமா? மூஞ்சியவே பாக்க முடியாது. எதை வித்தாவது கட்டிருவான். அதுதான்யா செக்யூரிட்டி."

எவ்வளவு கச்சிதமான பேச்சு! நான் அதை அன்றிரவே எழுதி வைத்தேன்.

டீச்சரைப் பார்க்க நானும் அமல்ராஜும் போனோம். செண்பகனூரில் மேட்டுப் பக்கம் சிறிய ஓட்டு வீடு. தனியாக இருந்தார். மிஷன் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். எங்களைப் பார்த்ததும் முதலில் அமல்ராஜிடம்தான் பேசினார்.

"ஏலே, செருப்பைக் கழட்டாம வராத. இப்பத்தான் துடைச்சேன். இவர்தான் கார் குடுக்கறவரா?" பிறகு என்னிடம் திரும்பினார். "உக்காருங்க தம்பி. இந்தப் பய கணக்குல எவ்வளவு வாங்குவான்னு விசாரிச்சீங்களா? இவனை நம்பி வண்டி குடுக்கறீங்களே!"

"மிஸ், அது அரைப்பரீட்சை மிஸ். முழுப்பரீட்சையில பாஸாயிட்டேன்ல."

"பாஸானது நீயா? நான் போட்ட பார்டர் மார்க்கு."

இருவரும் சிரித்தார்கள். கேஸ் சிலிண்டரை மேட்டில் ஏற்றித் தருவது, ஞாயிறு பூசைக்கு வண்டியில் கூட்டிப்போவது, மாத்திரை வாங்கி வருவது எல்லாம் அமல்ராஜ்தான். பதிலுக்கு அமல்ராஜின் மகளுக்கு டீச்சர் சனிக்கிழமை சாயங்காலம் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். இதையெல்லாம் நான் விசாரணை அறிக்கையில் எழுதினேன். "விண்ணப்பதாரருக்கும் ஜாமீன்தாரருக்கும் இடையே நெருங்கிய, மதிப்பு மிகுந்த உறவு" என்று வாக்கியம் அமைத்தேன். ஒரு வண்டியின் நிலைமையை எழுதுகிற மாதிரியேதான் அதையும் எழுதினேன் என்பது இப்போது வாசிக்கும்போது தெரிகிறது.

கையெழுத்துப் போட்டு முடித்து, பேனாவை மூடிக்கொண்டே டீச்சர் சொன்னார்: "என் பேரைக் கெடுத்துராதடா." அமல்ராஜ் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கார் வந்தது. வெள்ளைக் கார். முதல் ஓட்டமே டீச்சரைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குத்தான் என்று அமல்ராஜ் போன் செய்து சொன்னார். முதல் ஆண்டு ஒரு தவணைகூடத் தள்ளிப்போகவில்லை.

அதற்கடுத்த ஆண்டு ஊரடங்கு வந்தது. மலையில் சீசன் என்றால் ஏப்ரலும் மேயும். அந்த இரண்டு மாதமும் சாலையில் ஆள் இல்லை. தவணைக்கு அவகாசம் கொடுக்க அரசு வழி செய்திருந்ததால் எல்லோரும் எப்படியோ மூச்சுவிட்டார்கள். எங்கள் மேனேஜர் அந்த மே மாதம் ஒரு மாலைகூட இல்லாமல் ஓய்வு பெற்றுப் போனார். அவர் வேலையும் என் தலையில் விழுந்தது. 2021இல் இரண்டாம் அலை வந்து அந்தச் சீசனையும் அள்ளிக்கொண்டு போனது. இம்முறை பழைய மாதிரி அவகாசம் இல்லை. அமல்ராஜுக்கு மூன்று தவணை நின்றுவிட்டது.

மூன்று நின்றால் ஜாமீன்தாரருக்குக் கடிதம் போக வேண்டும். அது விதி. கடிதம் அடித்து மேசைமேல் வந்துவிட்டது. நான் அதில் கையெழுத்துப் போடாமல் கொடைக்கானலுக்குப் போனேன். அந்த ஜூலையில்தான் சுற்றுலாப் பயணிகளை மறுபடி விட ஆரம்பித்திருந்தார்கள். ஏரி ஸ்டாண்டில் கார்கள் வரிசையாக நின்றன. என்னைப் பார்த்ததும் ஒரு டிரைவர் சத்தமாகச் சொன்னார்:

"வாங்க சார், வாங்க. எந்த வண்டி வேணும்? இழுத்துட்டுப் போறதுன்னா கயிறு நீங்க கொண்டாரணும். டீசல் ஒருத்தன்கிட்டயும் இல்ல."

"டூரிஸ்ட்டைத்தான் விட்டுட்டாங்களே," என்றேன்.

"விட்டுட்டாங்க சார். டூரிஸ்ட்டுக்குத் தெரியணும்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். அமல்ராஜ் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூட்டிப்போனார். ஏரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், வண்டிய வேணா எடுத்துக்கங்க. மிஸ்ஸுக்கு மட்டும் லெட்டர் போட்டுறாதீங்க."

"மிஸ்கிட்ட நீங்களே சொல்லிறலாமே. ஊருக்கே தெரிஞ்ச கஷ்டம்தானே."

"அவங்ககிட்டயா? 'அப்படியாடா'ன்னு மட்டும் கேப்பாங்க சார். வேற ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பென்சன்ல இருந்து கட்டிருவாங்க. அதுக்கப்புறம் நான் அந்த வீட்டுல எப்படி சார் கால் வைக்கறது?"

மேனேஜர் சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது. நண்பர்களே, இந்த இடத்தில் எனக்கு வேறு வழிகள் இருந்தன. வண்டியை எடுக்காமல் தவணையைச் சிறிதாக்கிக் காலத்தை நீட்டலாம். அதற்கு மேலிடத்தில் வாதாட வேண்டும், விளக்கக் கடிதம் எழுத வேண்டும். மச்சானை இரண்டாவது ஜாமீனாகச் சேர்த்து டீச்சரை விடுவிக்கக் கேட்கலாம். அதற்கும் அலைச்சல் உண்டு. கையில் அதைவிட எளிய கருவி இருந்தது. நான் சொன்னது இது:

"லெட்டர் போடணும்கறது ரூலு. போடாம வச்சிருக்கறது என் கையில இருக்கு. அதை நீங்கதான் காப்பாத்தணும்."

மிரட்டவில்லை. குரல் உயரவில்லை. உதவி செய்கிற தொனியில்தான் சொன்னேன். உதவி என்றே நம்பினேன்.

அமல்ராஜ் காரைப் போர்த்தி நிறுத்திவிட்டு, பூம்பாறைப் பக்கத்திலிருந்து கேரட்டும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும் சரக்கு வண்டியில் டிரைவராகப் போனார். ராத்திரி இறங்கி, விடிந்து ஏற வேண்டும். பகலில் ட்ரிப் கிடைத்தால் காரை எடுப்பார். தூக்கம் எப்போது என்று நான் கேட்கவில்லை. தவணைகள் ஒவ்வொன்றாகச் சரியாயின. கட்டிய அன்று போன் வரும். "கட்டிட்டேன் சார். லெட்டர் போகாதுல்ல?" ஒவ்வொரு மாதமும் அதே கேள்வி. நிலுவை முழுவதும் தீர்ந்த பிறகும் அதே கேள்வி. "போகாதுங்க" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் அந்தக் கடிதம் என்ற ஒன்றே கிடையாது என்று ஒருமுறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொழில் தெரிந்தவன் பிடியை முழுதாக விட மாட்டான் என்று அப்போது நினைத்தேன்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் அலுவலக எண்ணுக்கு ஓர் அழைப்பு வந்தது.

"தம்பி, செண்பகனூர்ல இருந்து ஜாமீன் போட்ட டீச்சர் பேசறேன். ஞாபகம் இருக்கா?"

"சொல்லுங்க டீச்சர்."

"அமல் ஒழுங்காக் கட்டறானா?"

"ஒரு பாக்கியும் இல்லைங்க டீச்சர்."

"அப்படியா. அப்ப அது இல்ல. வேற என்னமோ. அவன் வீட்டுக்கு வந்து ஆறேழு மாசம் ஆச்சு தம்பி. பிள்ளையையும் கணக்குக்கு அனுப்பறதில்ல. கோயில்ல நான் முன்னாடி உக்காந்தா அவன் பின்னாடியே நின்னுட்டு வெரசாப் போயிடறான். சிலிண்டருக்கு வேற ஆளைச் சொல்லிவிடறான், அவன் வர்றதில்ல. காசு கஷ்டம்னு நெனச்சுத்தான் உங்களுக்குப் போன் போட்டேன்."

நான் ஏதோ முனகினேன்.

"கையெழுத்துப் போட்ட அன்னிக்கு, 'என் பேரைக் கெடுத்துராதடா'ன்னு சொன்னேன்ல? நீங்ககூட இருந்தீங்க. விளையாட்டாத்தான் சொன்னேன். வளர்ந்த ஆம்பளைய, வெளி ஆள் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சுட்டிருக்கும். மிஸ் நம்மளை நம்பலைன்னு நெனச்சிருப்பான்."

"அப்படியெல்லாம் இருக்காதுங்க டீச்சர்."

"உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?"

"இல்லைங்க."

அன்றைய நாட்குறிப்பில் வானிலை மட்டும் இருக்கிறது. தூறல் என்று எழுதியிருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாடிக்கையாளரின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று அப்போது சமாதானம் செய்துகொண்டேன். ஜாமீன்தாரருக்குத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. உண்மைக் காரணம் வேறு. டீச்சருக்குத் தெரிந்தால் அந்த நிமிடமே அமல்ராஜைக் கூப்பிட்டுத் திட்டுவார், பிறகு சாப்பாடு போடுவார். அத்தோடு அந்தக் கடிதத்தின் மீது அமல்ராஜுக்கு இருந்த பயம் போய்விடும். இன்னும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுத் தவணை பாக்கி இருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டே இவ்வளவையும் எண்ணினேன். நம் தொழில் அப்படி எண்ணுவதற்கு என்னை நன்றாகவே பழக்கியிருந்தது.

2023 செப்டம்பரில் கடன் முடிந்தது. கடனில்லாச் சான்றும் இரண்டாவது சாவியும் வாங்க அமல்ராஜ் கிளைக்கு வந்தார். முன்பக்கம் முடி நரைத்திருந்தது. டீ வரவழைத்தேன்.

"மிஸ்ஸைப் பாத்தீங்களா?"

"எங்க சார். இப்பப் போனா, ஏண்டா இத்தனை நாளா வரலைன்னு கேப்பாங்க. டியூ நின்னுச்சுன்னு சொல்லணும். இல்லைன்னா பொய் சொல்லணும். மிஸ்கிட்டப் பொய் வராது சார், சின்னதுல இருந்தே. மொதல்ல ஒரு மாசம் தட்டிப்போச்சு. அப்புறம் ஒரு மாசம் போகாததுக்கும் சேத்துக் காரணம் சொல்லணுமேன்னு தட்டிப்போச்சு. அப்படியே கெடந்துருச்சு."

"பொண்ணு?"

"கணக்குக்கு இங்கிட்டு டியூசன் போறா. மிஸ் சொல்லிக்குடுக்கற மாதிரி இல்லைங்கறா."

அப்போதுதான் சொன்னேன். இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் டீச்சரிடமிருந்து வந்த அந்த அழைப்பைப் பற்றி, டீச்சர் என்ன கேட்டார், தன்மீது என்ன தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதையெல்லாம் சொன்னேன்.

அமல்ராஜ் டீயைக் கீழே வைத்தார். "எந்த வார்த்தை சார்?"

"'என் பேரைக் கெடுத்துராதடா.'"

"அது எனக்கு ஞாபகமே இல்லையே சார்." என்னையே பார்த்தார். "அப்பவே ஏன் சார் சொல்லல?"

கேட்டபடியே எழுந்துவிட்டார். சான்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கும்பிடவில்லை. கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

பழைய மேனேஜருக்கு அன்று மாலை போன் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கடன் முடிஞ்சுச்சுல்ல? அப்புறம் என்னப்பா?" என்றார். அவர் மனம் கல் என்று நினைக்காதீர்கள். எத்தனையோ பேருக்கு, வேறு யாரும் கொடுக்காதபோது, அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் வண்டி கொடுத்தார். அமல்ராஜுக்கும் அப்படித்தான் கிடைத்தது. அதையும் சேர்த்துத்தான் நான் எழுத வேண்டும்.

ஆனால் அவர் கணக்கில் ஒன்று தலைகீழாக இருந்தது என்பது என் இன்றைய எண்ணம். கத்தக்கூடிய மச்சான்தான் நல்ல ஜாமீன். சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள், நாலு பேர் விலக்கிவிடுவார்கள், அடுத்த விசேஷத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நமக்குப் பணம் கொஞ்சம் தாமதமாக வரும். கத்த முடியாத இடத்தில் நாம் கையெழுத்து வாங்கினால், பணம் தேதிக்கு வந்துவிடும். வண்டியை எடுத்து ஏலம் விட்டாலும் அது வேறொருவருக்கு வண்டியாக ஓடும். அமல்ராஜ் வண்டி ஓரங்கட்டி இறங்கி நின்ற அந்த மரியாதையை நாம் எடுத்துக்கொண்டபோது, அது யாருக்கும் எதற்கும் பயன்படாமல் போயிற்று. உங்கள் திரையில் ஜாமீன்தாரர் உறவு என்று ஒரு கட்டம் வரும். அதை நிரப்பும்போது, டியூ நின்றால் இவர்கள் இருவரும் சண்டை போட முடியுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். அலைச்சல்தான். அலையுங்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை செண்பகனூருக்குப் போனேன். டீச்சர் வீடு பூட்டியிருந்தது. திண்டுக்கல்லில் தங்கை வீட்டோடு போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். முழங்கால் வலி, மேடு ஏற முடியவில்லை.

"யாரு வந்து கூட்டிட்டுப் போனா?" என்று கேட்டேன்.

"ஒரு டாக்ஸிதாங்க. வெள்ளனே வந்துச்சு. டிரைவரே மூட்டை முடிச்செல்லாம் இறக்கி ஏத்துனாரு. டீச்சரம்மா முன் சீட்டுல உக்காந்துச்சு."

"என்ன கலரு?"

"வெள்ளைங்க."

"டிரைவர் யாருன்னு தெரியுமா?"

"பனியில என்னத்தத் தெரியுது? தலையில மப்ளர் வேற."

கொடைக்கானலில் வாடகைக்கு ஓடும் கார்களில் பெரும்பாலானவை வெள்ளை. காலைக் குளிரில் எல்லா டிரைவரும் மப்ளர் கட்டுவார்கள். வண்டி எண்ணை யாரும் பார்க்கவில்லை. அமல்ராஜின் எண் என்னிடம் இருக்கிறது. அழைத்தால் தெரிந்துவிடும். அவரிடம் கேள்வி கேட்கும் அதிகாரம் அந்தச் சான்றோடு எனக்கு முடிந்துவிட்டதாக நினைப்பதால் இதுவரை அழைக்கவில்லை. விசாரணை அறிக்கையில் எப்படி எழுதுவேனோ அப்படியே இங்கேயும் எழுதுகிறேன்: வெள்ளைக் கார் வந்தது, பக்கத்து வீட்டுக்காரர் கூற்று. ஓட்டி வந்தவர் அமல்ராஜா என்பது உறுதி செய்யப்படவில்லை.